ஃபைல் ஏறமாட்டேங்குதுங்களா? மின்படிவத்தில் அட்டாச்மென்ட் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

தாலுகா ஆபீஸ் எதிரே பிரவுசிங் சென்டரில் புதிதாக உட்காரும் தம்பி தங்கைகளுக்கும், திருப்பூர் பனியன் கம்பெனியில் டாக்குமென்ட் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும், ஆடிட்டர் ஆபீஸில் கத்துக்குட்டியாக இருப்பவர்களுக்கும் இது. படிவத்தில் பெயர், முகவரி அடிக்க யாரும் திணறுவதில்லை. ஆவணம் இணைக்கும் பக்கம் வந்ததும்தான் வேலை நின்றுபோகும். பின்னால் பெஞ்சில் ஐந்து பேர் காத்திருப்பார்கள்.

திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே நம்ப வேண்டாம். பத்து விதமான தவறுகளுக்கும் ஒரே வாசகத்தை எழுதி வைத்த படிவங்கள் ஏராளம். "சைஸ் அதிகம்" என்று காட்டும், கோளாறு ஃபைல் பெயரில் இருக்கும். "மீண்டும் முயலவும்" என்று காட்டும், நூறு தடவை முயன்றாலும் ஏறாது. எனவே செய்தியைப் படித்துக்கொள்ளுங்கள், முடிவை நீங்களே சோதித்து எடுங்கள்.

முதலில் ஒரு சோதனை ஃபைல் செய்து வையுங்கள்

பெயின்ட் நிரலைத் திறந்து 400க்கு 400 பிக்சலில் ஒரு படம், நாலு கோடு கிறுக்கினால் போதும். ஜேபெக் (ஜேபிஜி என்பதும் இதுதான்) வடிவில் சேமியுங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்தில் ஒரே சொல்லாக இருக்கட்டும். சில கேபிதான் வரும். அடுத்து நோட்பேடில் இரண்டு வரி அடித்து, பிரின்ட் கொடுத்து, பிரின்டராக "மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்" என்பதைத் தேர்ந்தால் ஒரு பக்க பிடிஎஃப் கிடைக்கும். மூன்றாவதாக, ஏதாவது ஒரு சாதாரணப் போட்டோவை 40 கேபி அளவுக்குச் சுருக்கி வையுங்கள். சில படிவங்கள் குறைந்தபட்ச அளவும் கேட்கும், அப்போது இது உதவும். மூன்றும் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் கிடக்கட்டும்.

வாடிக்கையாளர் ஃபைல் ஏறவில்லை என்றால் அதே இடத்தில் சோதனை ஃபைலை ஏற்றிப் பாருங்கள். அது ஏறினால் கோளாறு அவர் ஃபைலில். அதுவும் ஏறவில்லை என்றால் பிரவுசர், நெட், படிவம் இந்த மூன்றில் ஒன்று. அரை நிமிடத்தில் பாதித் தேடல் முடிந்தது. பார்த்த கையோடு சோதனை ஃபைலை நீக்கிவிடுங்கள். அது உள்ளே இருக்கும்போது "சமர்ப்பி" பட்டன் பக்கமே கை போகக்கூடாது. கிறுக்கல் படம் வருமானச் சான்று விண்ணப்பத்தோடு ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) திரைக்குப் போய்விட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

கோளாறு ஃபைலில் என்றால்

அளவிலிருந்து தொடங்குங்கள். "ரெண்டே எம்பிதானுங்க தம்பி, ஏன் ஏறமாட்டேங்குது?" என்று ஐயன் ஒருவர் கேட்பார். படிவத்தில் 200 கேபி என்று போட்டிருக்கும். ஒரு எம்பி என்பது 1024 கேபி. ஆக அவர் கொண்டு வந்தது வரம்பைப் போலப் பத்து மடங்கு. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் பார்த்தால் "சைஸ்", "சைஸ் ஆன் டிஸ்க்" என்று இரண்டு எண் வரும். முதல் எண்தான் கணக்கு.

பெரிய ஃபைல் பெரும்பாலும் ஸ்கேனரில்தான் பிறக்கிறது. ஏ4 தாளை 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) வைத்து ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் வரும். 150 டிபிஐ வைத்தால் 1240க்கு 1754. பிக்சல் எண்ணிக்கை நாலில் ஒரு பங்காகிவிடும். சிட்டா, வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் போன்ற அச்சடித்த தாள்களுக்கு 150 டிபிஐ, கிரேஸ்கேல் தாராளம். மை மங்கிய பழைய கிரயப் பத்திரத்துக்கு 200 வையுங்கள். "பிளாக் அண்ட் ஒயிட்" என்ற தேர்வைத் தொடாதீர்கள். அதில் சாம்பல் நிறம் என்பதே கிடையாது, வெளிறிய ரப்பர் ஸ்டாம்ப் முத்திரையும் நீலக் கையெழுத்தும் பாதி காணாமல் போகும்.

ஏற்கெனவே உள்ள படத்தைச் சுருக்குவதானால் வரிசை முக்கியம். முதலில் தேவையில்லாத ஓரத்தை வெட்டுங்கள் (மேசை விரிப்பு, விரல், டீ கிளாஸ் எல்லாம் கேபிதான்). பிறகு பிக்சலைக் குறையுங்கள். அப்போதும் அதிகம் என்றால் மட்டும் ஜேபெக் தரத்தை இறக்குங்கள். நேராகத் தரத்தில் கை வைத்தால் எழுத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக அழுக்குப் படியும். சுருக்கி முடித்ததும் 100 சதவீதத்தில் பெரிதாக்கிச் சர்வே எண்ணைப் படித்துப் பாருங்கள். 218/3ஏ என்பது 213/8ஏ போலத் தெரிந்தால் அந்த ஃபைல் ஏறியும் பிரயோஜனமில்லை, விண்ணப்பம் திரும்பி வரும். இர்ஃபான்வியூ என்ற சிறிய நிரலில், சேமிக்கும்போதே இத்தனை கேபி வேண்டும் என்று எண்ணைக் கொடுக்கும் வசதி உண்டு. சொந்த உபயோகத்துக்கு இலவசம். சென்டரில் தொழிலுக்கு வைத்தால் உரிமம் வாங்க வேண்டும்.

இணையத்தில் "இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்" என்னும் தளங்களில் அடுத்தவர் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏற்றாதீர்கள். சுருக்கும் வேலை முழுவதையும் நம் கம்ப்யூட்டரிலேயே முடிக்கலாம்.

சிறியதாக இருந்தாலும் சிக்கல்தான். வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி, இடது கட்டைவிரல் ரேகை 20 முதல் 50 கேபி, கையால் எழுதும் உறுதிமொழி 50 முதல் 100 கேபி என்று கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு. கையெழுத்தை அதிகமாகச் சுருக்கி 6 கேபிக்குக் கொண்டு வந்துவிட்டு, "சைஸ் சரியில்லை" என்று வந்ததும் இன்னும் சுருக்குபவர்கள் இருக்கிறார்கள். அங்கே செய்ய வேண்டியது நேர்மாறு. பழைய ஸ்கேனுக்குப் போய், தரத்தைக் கூட்டிச் சேமியுங்கள். சுருக்கிய படத்தையே மறுபடி பெரிதாக்கினால் கேபி ஏறும், தெளிவு வராது.

அளவு சரி என்றால் அடுத்தது வகை. ஃபைல் பெயரின் வாலை (கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் ஜேபிஜி, பிடிஎஃப் போன்ற எழுத்துகளை) மாற்றினால் ஃபைல் மாறாது. ஐபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமரா படங்கள் ஹெய்க் (எச்இஐசி) வடிவில் சேமிக்கப்படுகின்றன. அதன் வாலை வெட்டி ஜேபிஜி என்று ஒட்டிக் கொண்டு வருவார்கள். நம் கம்ப்யூட்டரில் பெயரைப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், படிவம் உள்ளே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். நாமும் உள்ளே பார்க்கலாம். ஃபைலை நோட்பேடில் திறவுங்கள். குப்பையாக எழுத்துகள் கொட்டும், பயப்பட வேண்டாம், சேமிக்காமல் மூடிவிட்டால் ஒன்றும் ஆகாது. தொடக்கத்தை மட்டும் கவனியுங்கள். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் அதையடுத்து பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். பிஎன்ஜி என்றால் அந்த மூன்று எழுத்தே தெரியும். ஜேபெக் என்றால் முதல் வரியில் ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்ஸிஃப் என்ற எழுத்துகள் பெரும்பாலும் கண்ணில் படும். வால் ஜேபிஜி என்று இருந்து உள்ளே ஹெய்க் என்று தெரிந்தால் திருட்டு பிடிபட்டது. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" தேர்ந்துவிட்டால் இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காக வரும். பழையவற்றைத் திறந்து ஜேபெக்காகச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி, அண்ட் குறி, நடுவில் புள்ளி இருந்தால் சில படிவங்கள் காரணம் சொல்லாமல் தள்ளும். இரண்டாம் முறை டவுன்லோட் செய்த ஃபைலில் அடைப்புக்குள் 1 என்று தானாகச் சேரும், ஸ்கேன் ஆப்கள் தேதியையும் நேரத்தையும் புள்ளி வைத்துப் பெயராக்கும். சிறிய ஆங்கில எழுத்து, எண், தேவையானால் அடிக்கோடு, அவ்வளவே வைத்துப் பெயரிடுங்கள். விண்டோஸ் வாலை மறைத்து வைத்திருப்பதால் சிலர் தாங்களும் ஒரு வாலைச் சேர்த்து இரட்டை வால் ஆக்கிவிடுவார்கள். விண்டோஸ் 11இல் வியூ, ஷோ, "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" டிக் செய்தால் உண்மை தெரியும். சென்டர் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இதை டிக் செய்தே வையுங்கள்.

பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் இன்னொரு வம்பு. இ-ஆதார் பாஸ்வேர்டு பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் பிறந்த ஆண்டும். இ-பான் என்றால் பிறந்த தேதி, மாதம், ஆண்டு சேர்ந்த எட்டு இலக்கம். பூட்டிய ஃபைலைப் பல படிவங்கள் ஏற்காது. சில படிவங்கள் ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்கம் அதிகாரியால் திறக்க முடியாமல் நிராகரிக்கப்படும். குரோமில் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்து, பிரின்ட் கொடுத்து, "சேவ் அஸ் பிடிஎஃப்" செய்தால் பூட்டில்லாத பிரதி வரும். அதில் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது, ஆகவே மூல ஃபைலை அழிக்காதீர்கள். வேலை முடிந்ததும் பூட்டில்லாத பிரதியைச் சென்டர் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கி, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் என்றால் அது ஏற்கெனவே நசுக்கப்பட்டது. "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமென்டா அனுப்புங்கண்ணா" என்று ஒரு வார்த்தை சொன்னால் மூல ஃபைலே வந்து சேரும்.

ஃபைல் சரி, ஆனாலும் ஏறவில்லை

அரசுப் படிவங்கள் பலவற்றில் "சூஸ் ஃபைல்" வேறு, "அப்லோட்" வேறு. தேர்ந்ததும் பெயர் தெரிகிறதே என்று அடுத்த பக்கம் போய்விடுவார்கள், ஃபைல் இன்னும் நம் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் அப்லோட் பட்டன் இருந்தால் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனித்தனியாக அழுத்த வேண்டும்.

கேப்சா தப்பானால் பக்கம் திரும்பி வரும். அடித்த பெயர், முகவரி அப்படியே இருக்கும், ஆனால் தேர்ந்த ஃபைல் காலியாகியிருக்கும். பிரவுசர் பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறது, நாம் தொடாமல் எந்தத் தளமும் நம் ஃபைலைத் தானாக மறுபடி எடுக்க முடியாது. "அப்பவே போட்டேனே" என்று வாதாடிப் பயனில்லை, மறுபடி தேருங்கள்.

ஃபைலைத் தேர்ந்த பிறகு அளவு அதிகம் என்று தெரிந்து, அதே பெயரில் சுருக்கிச் சேமித்துவிட்டு, படிவத்தில் மறுபடி தேராமல் அனுப்பினால் குரோம் பாதியில் நிறுத்திவிடும். தேர்ந்த நேரத்தில் இருந்த ஃபைலும் இப்போது இருப்பதும் வேறு என்பதால் "அப்லோட் ஃபைல் சேஞ்ச்டு" என்ற பிழை வரும். போனில் கூகுள் டிரைவிலிருந்து நேராகத் தேர்ந்தாலும் இதே பிழை தலைகாட்டும். போனுக்கு இறக்கி, அங்கிருந்து தேருங்கள். ஒன்டிரைவ் ஃபோல்டரில் மேகப் படம் போட்ட ஃபைலும் இப்படித்தான், பெயர் இங்கே, ஃபைல் அங்கே.

போனில் படிவம் நிரப்புபவர்கள், படிவத்துக்குள்ளிருந்தே கேமராவைத் திறந்து படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். ரேம் குறைந்த போனில் கேமரா திறந்ததும் பின்னால் இருக்கும் பிரவுசர் மூடப்படும். திரும்பி வந்தால் படிவம் முதலிலிருந்து வெறுமையாக நிற்கும். முதலில் படம் எடுத்துச் சுருக்கி வைத்துவிட்டு, பிறகு படிவத்தைத் திறவுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளேயே திறக்கும் பக்கத்தில் ஃபைல் பட்டன் வேலை செய்யாவிட்டால், மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுக் குரோமில் திறவுங்கள்.

வேகத்தையும் கணக்குப் போடுங்கள். பிளானில் எழுதியிருக்கும் வேகம் பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 5 எம்பி ஃபைல் ஏற 40 நொடி ஆகும். பத்து நொடியில் பொறுமையிழந்து இரண்டாம் முறை அழுத்தினால் இரண்டும் கெடும். பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் பல தளங்கள் தாமாக வெளியேற்றிவிடும். திரையில் பக்கம் அப்படியே இருக்கும், அப்லோட் அழுத்தினால்தான் தோல்வி தெரியும். ஆகவே ஆவணங்களைச் சரிசெய்து முடித்த பிறகே லாகின் செய்யுங்கள். மோடத்துக்கும் சேர்த்து யுபிஎஸ் இருக்கட்டும். கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் மோடம் மறுபடி எழ நேரம் எடுக்கும்.

கூகுள் படிவம்

கல்லூரி சேர்க்கை, கம்பெனி ஆள் எடுப்பு என்று இது இப்போது எங்கும் வருகிறது. ஃபைல் கேட்கும் கேள்வி ஒன்று இருந்தாலே கூகுள் கணக்கில் உள்நுழைந்துதான் நிரப்ப முடியும். ஒரே பிரவுசரில் நாலு பேர் கணக்கு திறந்திருந்தால் ஃபைல் தேரும் பெட்டி வெறுமையாகச் சுற்றிக்கொண்டே நிற்கும். மற்றவற்றை வெளியேற்றிவிட்டு, அல்லது தனி புரொஃபைலில் ஒரே கணக்கோடு திறந்து பாருங்கள். இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் ரகசிய ஜன்னலில்) மூன்றாம் தரப்பு குக்கீ தடுக்கப்படுவதாலும் அந்தப் பெட்டி வராமல் போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் படிவம் வைத்தவர் பக்கம் பாருங்கள். ஏறும் ஃபைல்கள் அவருடைய டிரைவில் விழுகின்றன. இலவசக் கணக்கில் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். அது நிரம்பினால் யார் ஃபைலும் ஏறாது. படிவத்துக்கென மொத்த வரம்பு தனியாக உண்டு, தொடாமல் விட்டால் 1 ஜிபி. ஒருவர் 10 எம்பி வீதம் அனுப்பினால் நூற்றுச் சொச்சம் பேரோடு கதை முடிந்தது. செட்டிங்ஸில் அதைக் கூட்டலாம்.

பிடிஎஃப் படிவத்துக்குள் ஃபைல்

இறக்குமதியாளர்கள் அனுப்பும் சப்ளையர் படிவங்களில் இந்த வகை வரும். பிடிஎஃப்புக்கு உள்ளேயே "அட்டாச்" பட்டன் இருக்கும், இணைத்த ஃபைல் அந்த பிடிஎஃப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

திறந்ததும் "பிளீஸ் வெயிட்" என்று ஒரே பக்கம் நின்றால் காத்திருந்து பலனில்லை. அது எக்ஸ்எஃப்ஏ என்ற வகைப் படிவம், நீங்கள் திறந்த நிரலுக்கு அது புரியவில்லை என்று அர்த்தம். ஃபைலைச் சேமித்து, ரைட் கிளிக் செய்து, கம்ப்யூட்டரில் உள்ள அடோபி ரீடரில் திறவுங்கள். போனில் உள்ள அடோபி ரீடராலும் இது முடியாது.

ரீடரில் பட்டன் மங்கிக் கிடந்தாலோ அழுத்தினால் அனுமதி இல்லை என்றாலோ தவறு உங்களுடையதல்ல. படிவம் செய்தவர் அக்ரோபேட் புரோவில் "ரீடர் எக்ஸ்டெண்டட் பிடிஎஃப்" ஆகச் சேமித்து அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

வரிசை: நிரப்பு, இணை, சேமி, கடைசியில் டிஜிட்டல் கையொப்பம். கையொப்பத்துக்குப் பிறகு ஒரு ஃபைல் சேர்த்தாலும் கையொப்பம் செல்லாததாகிவிடும். முடிந்ததும் பேப்பர் கிளிப் படம் உள்ள பக்கப் பட்டியைத் திறந்து இணைப்புகளின் பெயரை எண்ணிப் பாருங்கள். அழகாக இருக்கட்டும் என்று "பிரின்ட் டு பிடிஎஃப்" கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், உள்ளே இணைத்தது அத்தனையும் உதிர்ந்துபோய் வெறும் தாள்தான் போகும். இசட்ஐபி ஃபைலை இணைக்க முடியும், ஆனால் பெறுபவரின் ரீடர் பாதுகாப்புக் காரணத்தால் திறக்க மறுக்கும். ஜிமெயிலில் அனுப்பினால் 25 எம்பி எல்லை.

சொந்தத் தளத்தில் படிவம் வைத்திருப்பவர்களுக்கு

உள்ளூர்ப் பையனிடம் சொல்லித் தளம் செய்த கம்பெனிகளில் அடிக்கடி வரும் குறை: படிவத்தில் ஃபைலின் பெயர் மட்டும் வந்து சேரும், ஃபைல் வராது. ஃபார்ம் டேகில் "மல்ட்டிபார்ட் ஃபார்ம்டேட்டா" என்ற என்கோடிங் குறிப்பை விட்டிருப்பார்கள். அதைச் சேர்த்தால் தீர்ந்தது.

படிவத்தில் 5 எம்பி என்று எழுதிவிட்டுச் சர்வரைத் தொடாமல் விடுவது அடுத்தது. தளத்தை ஓட்டும் பிஎச்பி நிரல்மொழியில் மாற்றாமல் விட்டால் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. அதற்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் நிரல் இருந்தால், மாற்றாதவரை அதன் வரம்பு 1 எம்பி. மூன்றையும் உயர்த்தினால்தான் எழுதியது உண்மையாகும். எங்கே தடுக்கிறது என்று பார்க்க எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்லோட் கொடுங்கள். 413 வந்தால் அளவு. 401 என்றால் லாகின் காலாவதி. 504 என்றால் சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை.

ஏறியதா என்று உறுதிசெய்வது

பச்சை டிக் வந்தால் போதாது. "வியூ" அல்லது முன்னோட்டம் இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஆதார் இடத்தில் ரேஷன் கார்டும் ரேஷன் கார்டு இடத்தில் ஆதாரும் மாறி ஏறுவதும், இரண்டு பக்க ஆவணத்தில் பின்பக்கம் விடுபடுவதும் அப்போதுதான் தெரியும். பிறகே சமர்ப்பித்து, ஒப்புகைச் சீட்டை பிடிஎஃப்பாக எடுத்து, விண்ணப்ப எண்ணைப் பெயராக வைத்து வாடிக்கையாளர் போனுக்கு அனுப்புங்கள்.

ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதே இல்லை, கட்டணமும் இல்லை. விசைத்தறி வைத்திருக்கும் ஒரு அக்கா வந்து "உத்யம் படிவத்துல பான் கார்டு ஏறமாட்டேங்குதுங்க, ஆயிரத்து ஐநூறு கட்டச் சொல்லுது" என்றால் ஃபைலைச் சுருக்க உட்காராதீர்கள். மேலே முகவரிப் பட்டியைப் பாருங்கள். உத்யமின் அரசுத் தளமாக இருந்தால் தளத்தின் பெயர் (முதல் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதி) "ஜிஓவி டாட் இன்" என்று முடியும்.